டிகே கருவித்தொகுதியும் சாளர உருவாக்கத்தின் வரலாறும்

டிகே என்பது கணினித் திரையில் சாளரங்களையும், அவற்றுள் இடம்பெறும் பொத்தான், உரைப்பெட்டி, பட்டி, உருள்பட்டை போன்ற உறுப்புகளையும் உருவாக்க உதவும் வரைகலைக் கருவித்தொகுதி ஆகும். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஜான் ஓஸ்டர்ஹவுட் இதை 1988ஆம் ஆண்டின் இறுதியில் எழுதத் தொடங்கி, 1991இல் பொதுப் பயன்பாட்டுக்கு வெளியிட்டார். இன்று பைத்தான் மொழியைக் கற்கும் மாணவர்கள் பலர் தங்கள் முதல் சாளரத்தை டிகின்டர் வழியாகவே திறக்கின்றனர். அந்த டிகின்டரின் அடியில் இருந்து இயங்குவது டிகேதான்.

நிரலில் ஒரு சாளரத்தை உருவாக்குவது எளிய செயலாகத் தோன்றும். தலைப்பு, அகலம், உயரம், திரையில் அதன் இடம் ஆகியவற்றைச் சொன்னால் போதும் என்று எண்ணுவோம். ஆனால் ஒரு சாளரத்தின் மீது மூவருக்கு உரிமை உண்டு. நிரலை எழுதியவர் ஒருவர்; திரை முழுவதையும் நிர்வகிக்கும் சாளர மேலாளர் என்ற மென்பொருள் மற்றொன்று; திரையின் முன் அமர்ந்திருக்கும் பயனர் மூன்றாமவர். சாளரம் எங்கே இருக்க வேண்டும், எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்பதை இம்மூவரில் யார் முடிவு செய்வது? சாளர உருவாக்கத்தின் வரலாறு பெரும்பாலும் இந்தக் கேள்விக்கான விடைகளின் வரலாறாகும். டிகே அதில் ஒரு முக்கியமான திருப்பம்.

சாளரம் என்ற கருத்தின் தோற்றம்

ஒரே திரையில் பல பணிகளுக்குத் தனித்தனிப் பகுதிகளை ஒதுக்கும் எண்ணம் 1960களிலேயே இருந்தது. 1968 டிசம்பர் 9 அன்று சான் பிரான்சிஸ்கோவில் டக்ளஸ் எங்கல்பார்ட் நிகழ்த்திய செயல்விளக்கத்தில் சுட்டியைக் கொண்டு திரையில் உரையைத் தொகுத்துக் காட்டினார். 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் ஆல்டோ என்ற கணினி இயங்கத் தொடங்கியது. அதன் மீது ஆலன் கே, டான் இங்கல்ஸ் முதலியோர் உருவாக்கிய ஸ்மால்டாக் சூழலில், மேசை மீது பரப்பிய தாள்களைப் போல ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கும் சாளரங்கள் இடம்பெற்றன.

இக்கருத்து வணிகக் கணினிகளுக்கு வந்தபோது ஒருமித்த வடிவம் இல்லை. 1981இல் விற்பனைக்கு வந்த ஜெராக்ஸ் ஸ்டார், ஆவணச் சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்று படியவிடாமல் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கியது. 1983இல் வந்த ஆப்பிள் லிசாவும் 1984இல் வந்த மெக்கின்டாஷும் படியும் சாளரங்களைக் கொண்டிருந்தன. 1985 நவம்பரில் வெளியான விண்டோஸ் 1.0 மீண்டும் தரையோடு பதிப்பது போன்ற அடுக்கு முறையைப் பின்பற்றியது. 1987இல் வந்த விண்டோஸ் 2.0 பதிப்பில்தான் படியும் சாளரங்கள் வந்தன. அடுத்த ஆண்டு ஆப்பிள் நிறுவனம் மைக்ரோசாஃப்ட் மீது தொடுத்த பதிப்புரிமை வழக்கில் இத்தகைய தோற்றக் கூறுகள் விவாதப் பொருளாயின. 1994இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் மைக்ரோசாஃப்டுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

படியும் சாளரங்கள் நிரலருக்கு ஒரு புதிய சுமையைக் கொண்டுவந்தன. ஒரு சாளரம் மற்றொன்றால் மறைக்கப்பட்டு மீண்டும் வெளிப்படும்போது, மறைந்திருந்த பகுதியை யாராவது மறுபடி வரைய வேண்டும். முதல் மெக்கின்டாஷில் 128 கிலோபைட் நினைவகமே இருந்தது. மறைந்த பகுதிகளின் படத்தைச் சேமித்து வைக்க அதில் இடமில்லை. எனவே "உன் சாளரத்தின் இந்தப் பகுதி வெளிப்பட்டுவிட்டது, மீண்டும் வரை" என்ற செய்தியை அமைப்பு நிரலுக்கு அனுப்பியது. விண்டோஸும் இதையே செய்தது. இதனால் நிரலின் கட்டமைப்பே மாறிற்று. முன்பு நிரல் கேள்வி கேட்கும், பயனர் விடையளிப்பார். இப்போது நிரல் ஒரு முடிவற்ற சுழற்சியில் காத்திருந்து, வரும் நிகழ்வுகளுக்கு ஏற்பச் செயல்பட வேண்டியதாயிற்று. இதுவே நிகழ்வுச் சுழற்சி எனப்படுகிறது. டிகின்டர் நிரலின் கடைசி வரியில் மாணவர்கள் எழுதும் மெயின்லூப் என்ற கட்டளை இந்தச் சுழற்சியைத்தான் தொடங்கி வைக்கிறது.

எக்ஸ் சாளர முறைமை

மெக்கின்டாஷிலும் விண்டோஸிலும் சாளரங்களை நிர்வகிக்கும் பகுதி இயக்குதளத்துக்குள்ளேயே இருந்தது. யூனிக்ஸ் கணினிகளில் வேறு பாதை அமைந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் 1984இல் எக்ஸ் சாளர முறைமையை உருவாக்கினர். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் எழுதப்பட்ட டபிள்யூ என்ற முறைமையே அதற்கு அடிப்படை. ஆங்கில நெடுங்கணக்கில் டபிள்யூவுக்கு அடுத்த எழுத்து எக்ஸ் என்பதால் இப்பெயர் வந்தது. 1987 செப்டம்பரில் வெளியான அதன் 11ஆம் பதிப்பு, சிறு மாற்றங்களுடன் இன்றுவரை பயன்பாட்டில் உள்ளது.

எக்ஸ் முறைமையில் திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றைக் கட்டுப்படுத்தும் நிரல் வழங்கி எனப்படும். சாளரம் வேண்டும் நிரல்கள் அதன் வாங்கிகள். வாங்கி ஒரு கணினியிலும் வழங்கி வேறொரு கணினியிலும் இருக்கலாம். இரண்டும் வலையமைப்பு வழியாகப் பேசிக்கொள்ளும். இதன் வடிவமைப்பாளர்கள் வழிமுறையை மட்டும் தருவது, கொள்கையை விதிக்காமல் விடுவது என்ற கோட்பாட்டைக் கடைப்பிடித்தனர். சாளரத்தை உருவாக்கலாம், நகர்த்தலாம், அளவு மாற்றலாம். ஆனால் தலைப்புப் பட்டை எப்படி இருக்க வேண்டும், மூடும் பொத்தான் எந்தப் பக்கம் இருக்க வேண்டும், புதிய சாளரம் எங்கே தோன்ற வேண்டும் என்பவற்றில் எக்ஸ் தலையிடாது.

அந்தப் பொறுப்பு சாளர மேலாளர் என்ற தனி நிரலிடம் விடப்பட்டது. வழங்கியின் பார்வையில் சாளர மேலாளரும் ஒரு வாங்கியே. ஒரே ஒரு சிறப்பு உரிமை அதற்கு உண்டு. வேறு எந்த நிரலும் தன் முதன்மைச் சாளரத்தைத் திரையில் காட்டவோ அதன் அளவை மாற்றவோ முயன்றால், அந்தக் கோரிக்கையை வழங்கி உடனே நிறைவேற்றாமல் சாளர மேலாளரிடம் திருப்பிவிடும். மேலாளர் அதை அப்படியே ஏற்கலாம், மாற்றி ஏற்கலாம், ஏற்காமலும் விடலாம். இந்த உரிமையை ஒரு நேரத்தில் ஒரு நிரல் மட்டுமே பெற முடியும்.

இதன் விளைவு பெரிது. பயனர் தனக்குப் பிடித்த சாளர மேலாளரைத் தேர்ந்தெடுக்க முடிந்தது. அதே வேளையில், நிரல் எழுதுபவருக்குத் தன் சாளரம் எப்படித் தோன்றும் என்ற உறுதி இல்லாமற்போயிற்று. எழுதும்போது இருந்த மேலாளர் வேறு, பயனரிடம் இருக்கும் மேலாளர் வேறு. வாங்கிகளும் மேலாளர்களும் ஒருவரையொருவர் அறியாமலே ஒத்துழைக்க ஒரு பொது ஒழுங்கு தேவைப்பட்டது. டேவிட் ரோசன்தால் தொகுத்த வாங்கிகளுக்கு இடையேயான மரபுகள் பற்றிய கையேடு 1989இல் எக்ஸ் கூட்டமைப்பின் தரமாக வெளியானது. சாளரத்தின் தலைப்பு, மிகக் குறைந்த அளவு, மிகக் கூடிய அளவு, விரும்பும் இடம் ஆகியவற்றை நிரல் தன் சாளரத்தின் மீது பண்புகளாக எழுதி வைக்க வேண்டும். மேலாளர் அவற்றைப் படித்துத் தன் முடிவை எடுக்கும். கையேடு இவற்றைக் குறிப்புகள் என்றே அழைத்தது. கட்டளை என்ற சொல்லை அது தவிர்த்ததற்குக் காரணம் உண்டு: அவற்றைப் பின்பற்றியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மேலாளருக்கு இல்லை.

ஒரு சாளரத்துக்கு எத்தனை வரிகள்?

இத்தனை ஏற்பாடுகளுக்கு நடுவே ஒரு வெற்றுச் சாளரத்தைத் திறப்பதே கடினமான வேலையாக இருந்தது. எக்ஸ் முறைமையின் அடிப்படை நிரலகத்தில் சாளரம் உருவாக்கும் செயற்கூற்றுக்கு 12 அளவுருக்கள் உண்டு. தாய்ச் சாளரம், இடம், அகலம், உயரம், விளிம்பின் தடிமன், நிற ஆழம் என எல்லாவற்றையும் நிரலரே கொடுக்க வேண்டும். அதன் பின் தலைப்பை எழுதி, அளவுக் குறிப்புகளை நிரப்பி, எந்த நிகழ்வுகள் வேண்டும் என்று தெரிவித்து, சாளரத்தைத் திரையில் காட்டும்படி கேட்டு, நிகழ்வுச் சுழற்சியைத் தானே எழுத வேண்டும். 1988இல் ரோசன்தால் யூசெனிக்ஸ் மாநாட்டில் அளித்த கட்டுரை, ஒரு வாழ்த்துச் சொல்லை மட்டும் காட்டும் நிரலை எக்ஸில் முறையாக எழுதுவது எவ்வளவு கடினம் என்பதையே தன் பொருளாகக் கொண்டது. இத்தகைய வேலைக்கு அடிப்படை நிரலகத்தை நேரடியாக நாடாமல் கருவித்தொகுதியைப் பயன்படுத்துவதே தக்கது என அது காட்டியது.

விண்டோஸிலும் நிலைமை அதிகம் வேறுபடவில்லை. முதலில் சாளர வகுப்பு ஒன்றைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு 11 அளவுருக்கள் கொண்ட செயற்கூற்றால் சாளரத்தை உருவாக்க வேண்டும். அதைக் காட்டும்படி தனியே கேட்க வேண்டும். செய்திகளைப் பெறும் சுழற்சியை எழுத வேண்டும். வரும் ஒவ்வொரு செய்திக்கும் என்ன செய்வது என்று கூறும் சாளரச் செயல்முறை ஒன்றையும் எழுத வேண்டும். ஆனால் அங்கும் ஒரு கவனிக்கத்தக்க ஏற்பாடு இருந்தது. இடத்துக்கும் அளவுக்கும் எண்களைத் தராமல், அமைப்பே முடிவு செய்யட்டும் என்று பொருள்படும் ஒரு சிறப்பு மதிப்பைத் தரலாம். மேலாண்மை இயக்குதளத்துக்குள் இருந்த இடத்திலும், சில முடிவுகளை நிரலர் விட்டுக்கொடுப்பது நல்லது என்ற எண்ணம் இருந்ததை இது காட்டுகிறது.

மெக்கின்டாஷ் வேறொரு வசதியை அளித்தது. சாளரத்தின் தலைப்பு, இடம், அளவு ஆகியவற்றை நிரலுக்குள் எழுதாமல் வளக்கோப்பு என்ற தனிப்பகுதியில் வைக்கலாம். நிரலைத் தொடாமலே, அந்த வளங்களை மாற்றி மென்பொருளை வேறு மொழிக்குப் பெயர்க்க இது வழிசெய்தது.

எக்ஸ் உலகில் இச்சுமையைக் குறைக்க எக்ஸ்டி என்ற இடைநிலை நிரலகமும், அதன் மீது அத்தீனா, மோட்டிஃப் முதலிய கருவித்தொகுதிகளும் வந்தன. 1989இல் வெளியான மோட்டிஃப், வணிக யூனிக்ஸ் கணினிகளில் பரவலான இடத்தைப் பெற்றது. இவற்றால் வரிகள் குறைந்தாலும் சிக்கல் முழுதாக நீங்கவில்லை. சி மொழியில் எழுதி, தொகுத்து, இணைத்து, இயக்கிப் பார்த்த பின்னரே ஒரு பொத்தான் தவறான இடத்தில் இருப்பது தெரியும். அதைச் சற்று நகர்த்த மீண்டும் அதே சுற்று. சாளர நிரலாக்கம் பயிற்சி பெற்ற சிலருக்கே உரிய துறையாக நீடித்தது.

டிகே பிறந்த கதை

ஓஸ்டர்ஹவுட் அடிப்படையில் இடைமுகத் துறையைச் சார்ந்தவர் அல்லர். 1980களின் முற்பகுதியில் அவரும் அவருடைய மாணவர்களும் மின்சுற்றுச் சில்லுகளை வடிவமைக்க உதவும் மென்பொருள்களை எழுதினர். மேஜிக் அவற்றுள் குறிப்பிடத்தக்கது. ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனியே ஒரு கட்டளை மொழி தேவைப்பட்டது. முதன்மைப் பணியிலேயே கவனம் இருந்ததால் கட்டளை மொழிகள் எல்லாம் அரைகுறையாகவே அமைந்தன. எந்த மென்பொருளுக்குள்ளும் பொருத்திக்கொள்ளத்தக்க ஒரு பொதுக் கட்டளை மொழியை எழுதிவிட்டால் என்ன என்ற எண்ணம் 1987இல் அவருக்குத் தோன்றியது. பெர்க்லி திரும்பிய பின் 1988இல் அதை எழுதத் தொடங்கினார். கருவிக் கட்டளை மொழி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரின் சுருக்கமே டிசிஎல். அதை டிக்கில் என்று ஒலிப்பர்.

அதே 1987இல் ஆப்பிள் நிறுவனம் ஹைப்பர்கார்டு என்ற மென்பொருளை வெளியிட்டது. சாளரமும் பொத்தானும் கொண்ட செயலிகளைச் சாதாரணப் பயனரும் அமைக்க அது வழிசெய்தது. இத்தகைய வரைகலை மென்பொருள்களை உருவாக்கப் பெரிய குழுக்களும் பெரும் பணமும் வேண்டுமானால், சிறிய ஆய்வுக் குழுக்களின் நிலை என்னாவது என்று ஓஸ்டர்ஹவுட் கவலை கொண்டார். மறுபடி பயன்படுத்தத்தக்க சிறு உறுப்புகளை உருவாக்கி, அவற்றை ஓர் எளிய மொழியால் ஒட்டவைப்பதே ஒரே வழி என்ற முடிவுக்கு வந்தார். ஒட்டவைக்கும் மொழி டிசிஎல் ஆகவும், உறுப்புகள் டிகே ஆகவும் அமைந்தன.

பேராசிரியர் பணிக்கு இடையே கிடைத்த நேரத்தில் எழுதியதால், டிகே பயன்படும் நிலைக்கு வர ஏறத்தாழ 2 ஆண்டுகள் ஆயின. 1990ஆம் ஆண்டின் யூசெனிக்ஸ் மாநாட்டில் டிசிஎல் பற்றியும், 1991ஆம் ஆண்டின் மாநாட்டில் டிகே பற்றியும் அவர் கட்டுரை அளித்தார். மூல நிரலை எவரும் கட்டணமின்றிப் பெற்று, வணிக மென்பொருளிலும் பயன்படுத்தலாம் என்று அனுமதித்தார். 1994இல் அவர் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் சேர்ந்த பின், டிகே விண்டோஸுக்கும் மெக்கின்டாஷுக்கும் பெயர்க்கப்பட்டது. 1997இல் டிசிஎல், டிகே ஆகியவற்றுக்காக அவருக்கு ஏசிஎம் அமைப்பின் மென்பொருள் முறைமை விருது வழங்கப்பட்டது.

டிகேயில் சாளரம் அமையும் முறை

டிகே நிரல் தொடங்கியதும் ஒரு முதன்மைச் சாளரம் தானாகவே உருவாகிவிடும். அதன் பெயர் வெறும் புள்ளி. அதற்குள் அமையும் உறுப்புகளின் பெயர்கள் கோப்புறைகளின் பாதையைப் போல நீளும். முதன்மைச் சாளரத்தில் படிவம் என்ற சட்டகமும், அதற்குள் பெயர் என்ற உரைப்பெட்டியும் இருந்தால், அந்தப் பெட்டியின் முழுப்பெயர் .படிவம்.பெயர் என்றாகும். பெயரைப் பார்த்தாலே எது எதற்குள் இருக்கிறது என்பது விளங்கிவிடும்.

உருவாக்கும்போது தரத்தக்க விருப்பங்களில் பெரும்பாலானவற்றைப் பின்னரும் மாற்றலாம் என்பது டிகேயின் அடிப்படை விதிகளுள் ஒன்று. நிறம், எழுத்துரு, உரை, விளிம்பு என எதுவானாலும், கான்ஃபிகர் என்ற ஒரே கட்டளையால் ஓடிக்கொண்டிருக்கும் நிரலிலேயே மாற்றவும் தற்போதைய மதிப்பைக் கேட்டறியவும் முடியும். குறிப்பிடாத விருப்பங்களுக்கு ஏற்ற இயல்பு மதிப்புகள் உண்டு. இதனால் 12 அளவுருக்களுக்குப் பதிலாக, வேண்டியதை மட்டும் சொன்னால் போதும் என்றாயிற்று. தொகுக்கும் வேலை இல்லாததால், ஒரு வரியைத் தட்டச்சு செய்தவுடன் அதன் விளைவு திரையில் தெரிந்தது. வெளிப்பட்ட பகுதியை மீண்டும் வரையும் பணியையும் உறுப்புகளே ஏற்றுக்கொண்டன.

சாளரத்தின் அளவு பற்றி டிகே எடுத்த நிலைப்பாடு தனித்தன்மை வாய்ந்தது. நிரலர் அளவைச் சொல்லாவிட்டால், உள்ளிருக்கும் உறுப்புகள் தமக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று தெரிவிக்கும். பேக், பின்னர் வந்த கிரிட் முதலிய அமைவு மேலாளர்கள் அவற்றைக் கூட்டிச் சாளரத்தின் இயல்பான அளவைக் கணக்கிடும். உறுப்புகள் எல்லாம் சேர்ந்து கணக்கு முடிந்த பிறகே சாளரம் திரையில் தோன்றும். பொத்தானின் உரை நீண்டால் சாளரமும் தானே அகலும்.

சாளர மேலாளருடன் பேசுவதற்கெனவே டிகேயில் தனியாக ஒரு கட்டளை உண்டு. விண்டோ மேனேஜர் என்பதன் முதலெழுத்துகளைக் கொண்டு அது டபிள்யூஎம் எனப்படுகிறது. தலைப்பு வைக்க, அளவையும் இடத்தையும் கேட்க, மிகக் குறைந்த அளவையும் மிகக் கூடிய அளவையும் வரையறுக்க, சாளரத்தைச் சுருக்கவோ மறைக்கவோ மீட்கவோ, ஓர் உரையாடல் பெட்டியை அதன் முதன்மைச் சாளரத்தோடு சேர்ந்தது என்று அறிவிக்க என எல்லாவற்றுக்கும் அதன் துணைக்கட்டளைகளே வழி. பொத்தானின் நிறத்தை மாற்றும் கட்டளையும் சாளரத்தின் இடத்தை மாற்றும் கட்டளையும் வேறுவேறு என்பதைக் கவனிக்க வேண்டும். நிறம் நிரலின் ஆட்சிக்கு உட்பட்டது. அதில் சொன்னது நடக்கும். இடமும் தலைப்பும் மேலாளரின் எல்லைக்குள் வருகின்றன. அங்கு நிரல் கோரிக்கை மட்டுமே வைக்க முடியும். எக்ஸ் முறைமையின் கையேட்டில் புதைந்து கிடந்த இந்த எல்லைக்கோட்டை, கற்பவர் கண்ணில் படும்படி மொழியின் அமைப்பிலேயே வைத்தது டிகேயின் சாதனை எனலாம்.

அளவையும் இடத்தையும் குறிக்கும் முறையை டிகே எக்ஸிடமிருந்து பெற்றது. 300×200+50+80 என்பது 300 படப்புள்ளி அகலமும் 200 உயரமும் கொண்டு, திரையின் இடது ஓரத்திலிருந்து 50, மேல் ஓரத்திலிருந்து 80 தள்ளி அமையும் சாளரத்தைக் குறிக்கும். நிரலில் பெருக்கல் குறிக்குப் பதிலாக எக்ஸ் என்ற ஆங்கில எழுத்தை இட வேண்டும். கூட்டல் குறிக்குப் பதில் கழித்தல் குறியிட்டால் வலது, கீழ் ஓரங்களிலிருந்து தொலைவு கணக்கிடப்படும். இந்தக் கோரிக்கையை வெற்று மதிப்பால் நீக்கிவிட்டால், சாளரம் தன் இயல்பான அளவுக்குத் திரும்பும்.

புதிதாகக் கற்பவர்கள் அளவை எண்களில் நிலைநிறுத்தி, பயனர் மாற்ற முடியாதபடி பூட்டிவிடுவது வழக்கம். தங்கள் திரையில் அது அழகாகத் தெரியும். கண்பார்வை குறைந்த ஒருவர் எழுத்துருவைப் பெரிதாக்கி வைத்திருந்தால், அதே சாளரத்தில் கடைசிப் பொத்தான் வெட்டுப்பட்டு மறைந்துவிடும். மொழிபெயர்ப்பிலும் இதே தொல்லை நேரும். ஆங்கிலத்தில் சில எழுத்துகளில் அடங்கும் கட்டளை, தமிழில் "அனைத்தையும் தேர்ந்தெடு" என்று நீளும்போது பூட்டிய சாளரம் அதற்கு இடம் தராது. அளவை உள்ளடக்கத்திடம் விட்டுவிட்டு, மிகக் குறைந்த அளவை மட்டும் வரையறுப்பதே டிகேயின் அமைப்போடு ஒத்துப்போகும் முறையாகும்.

மூடும் பொத்தான்

மூன்று தரப்பினரின் உரிமைகளும் நேருக்கு நேர் சந்திக்கும் இடம் மூடும் பொத்தான். அதை வரைவது மேலாளர், அழுத்துவது பயனர், ஆனால் சேமிக்கப்படாத வேலை இருப்பது நிரலுக்குள். பயனர் அழுத்தியவுடன் மேலாளர் சாளரத்தை அழித்துவிட்டால், எழுதிய கடிதம் போய்விடும். நிரல் அந்தச் செய்தியைப் புறக்கணிக்கலாம் என்றால், மூடவே முடியாத சாளரங்கள் திரையை அடைத்துக்கொள்ளும்.

1989ஆம் ஆண்டின் கையேடு இதற்கு ஒரு நடுவழி கண்டது. மூடும் வேண்டுகோளைத் தனக்குச் செய்தியாக அனுப்பும்படி நிரல் முன்கூட்டியே அறிவித்து வைக்கலாம். அறிவித்திருந்தால் மேலாளர் செய்தி மட்டும் அனுப்பும்; சேமிக்கவா என்று கேட்பதும், பின் மூடுவதும் நிரலின் பொறுப்பு. அறிவிக்காத நிரலின் தொடர்பை மேலாளர் துண்டித்துவிடலாம். டிகேயில் டபிள்யூஎம் கட்டளையின் புரோட்டோகால் என்ற துணைக்கட்டளை இந்த ஏற்பாட்டை ஒரே வரியில் தருகிறது. நிரலர் எதுவும் சொல்லாவிட்டால் சாளரம் அழிக்கப்படும் என்பதே இயல்புநிலை. விண்டோஸிலும் மூடும் செய்தி வேறு, அழிந்துவிட்டது என்ற செய்தி வேறு என இரண்டாகப் பிரிந்திருப்பதற்கு இதே தேவைதான் காரணம். மாணவர் எழுதும் சிறு நிரலில் இதற்கு இடம் இருப்பதில்லை. ஆனால் பிறர் தம் உழைப்பை இட்டு வைக்கும் நிரலாக அது வளரும்போது, முதலில் சேர்க்க வேண்டிய வரி இதுவே.

தலைப்புப் பட்டையும் தமிழும்

சாளரத்தின் உட்பகுதியை நிரலும் தலைப்புப் பட்டையை மேலாளரும் வரைகின்றனர் என்ற பிரிவினை, தமிழ் போன்ற மொழிகளை நேரடியாகப் பாதித்தது. 1989ஆம் ஆண்டின் கையேட்டில் தலைப்பு பெரும்பாலும் லத்தீன் எழுத்துத் தொகுதியிலேயே எழுதப்பட்டது. வேறு சில மொழிகளுக்கு இடமளித்த கூட்டு உரை என்ற வடிவத்திலும் தமிழுக்கு இடமில்லை.

1990களில் தமிழ் மென்பொருள்கள் லத்தீன் எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களைப் பொருத்திய எழுத்துருக்களைக் கொண்டு இயங்கின. சாளரத்துக்குள் நிரல் அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். எனவே தமிழ் சரியாகத் தெரியும். தலைப்புப் பட்டையை வரையும் மென்பொருளோ தன் எழுத்துருவையே பயன்படுத்தும். அங்கே தமிழ்த் தலைப்பு பொருளற்ற லத்தீன் எழுத்துகளின் வரிசையாகக் காட்சியளித்தது. நிரலர் எவ்வளவு முயன்றாலும் நிரலுக்குள்ளிருந்து இதைச் சரிசெய்ய வழியில்லை.

தீர்வு இரு பக்கங்களிலிருந்து வந்தது. 1999இல் வெளியான 8.1ஆம் பதிப்பு முதல் டிசிஎல், டிகே இரண்டும் ஒருங்குறியை உள்ளமைப்பிலேயே ஏற்றன. 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஃப்ரீடெஸ்க்டாப் அமைப்பின் கீழ் வெவ்வேறு பணிச்சூழல்களின் உருவாக்குநர்கள் கூடி, பழைய கையேட்டுக்கு விரிவாக்கம் ஒன்றை வகுத்தனர். அதில் தலைப்பை ஒருங்குறியில் எழுதுவதற்குத் தனிப்பண்பு சேர்க்கப்பட்டது. இதன் பின்னரே எக்ஸ் திரையில் தமிழ்த் தலைப்பு ஒரு முறையான உரிமையாயிற்று.

இதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். லினக்சில் இயங்கும் டிகே 8.6 வரிசைப் பதிப்புகள் தமிழ் உயிர்மெய்களைச் சேர்த்து வடிவமைக்காமல், குறியீடுகளை ஒவ்வொன்றாக வரைந்தன. கொம்பு இட வேண்டிய எழுத்துகளில் கொம்பு இடம் மாறிற்று. முன்பு உள்ளே சரியாகவும் தலைப்பில் பிழையாகவும் தெரிந்த தமிழ், இப்போது தலைப்பில் சரியாகவும் உள்ளே பிழையாகவும் தெரிந்தது. விண்டோஸிலும் மேக் கணினிகளிலும் எழுத்து வடிவமைப்பை இயக்குதளமே செய்வதால் இச்சிக்கல் எழவில்லை. எழுத்து வடிவமைப்புக்கென உருவான பாங்கோ நிரலகத்தை 2002இல் வெளியான ஜிடிகே 2.0 சேர்த்துக்கொண்டதால், தமிழ் இடைமுகம் வேண்டிய லினக்ஸ் மென்பொருள்களுக்கு ஜிடிகே பொருத்தமானதாயிற்று.

பரவலும் பிற கருவித்தொகுதிகளும்

டிசிஎல் மொழிக்கென எழுதப்பட்டாலும் டிகே பிற மொழிகளாலும் தத்தெடுக்கப்பட்டது. பெர்ல், ரூபி, ஆர் ஆகியவற்றுக்கு இணைப்புகள் உருவாயின. இவற்றுள் நிலைத்த புகழ் பெற்றது பைத்தானின் டிகின்டர். அதன் தொடக்க வடிவத்தை ஸ்டீன் லும்ஹோல்ட், பைத்தானின் ஆக்குநர் கைடோ வான் ராசம் ஆகியோர் எழுதினர்; பின்னர் ஃப்ரெட்ரிக் லுண்ட் அதை மேம்படுத்தினார். பைத்தானுடன் வரும் ஐடில் என்ற நிரல் தொகுப்பி டிகின்டரில் எழுதப்பட்டதே. டிகின்டரில் டைட்டில், ஜியாமெட்ரி, மின்சைஸ், புரோட்டோகால் என்ற பெயர்களில் காணப்படும் செயற்கூறுகள் எல்லாம் மேலே கூறிய டபிள்யூஎம் துணைக்கட்டளைகளின் நேர்ப் பிரதிகளாகும்.

அதே காலத்தில் வேறு தொகுதிகளும் வளர்ந்தன. நார்வேயைச் சேர்ந்த ஹாவர்ட் நோர்ட், ஐரிக் சாம்ப எங் ஆகியோர் 1991இல் எழுதத் தொடங்கிய கியூட்டி 1995இல் வெளியாயிற்று. அதன் மீது 1996இல் கேடிஈ பணிச்சூழல் தொடங்கப்பட்டது. பெர்க்லி மாணவர்களான பீட்டர் மாட்டிஸ், ஸ்பென்சர் கிம்பல் இருவரும் தங்கள் ஜிம்ப் படத் தொகுப்பிக்கு மோட்டிஃபுக்கு மாற்றாக எழுதியதே ஜிடிகே. தோற்றத்தில் இவை டிகேயை விஞ்சின. பழமையான தோற்றம் என்ற குறை டிகே மீது நெடுங்காலம் இருந்தது. 1997இல் வந்த 8.0ஆம் பதிப்பும், 2007இல் வந்த 8.5ஆம் பதிப்பின் புதிய உறுப்புத் தொகுதியும் அக்குறையைப் பெருமளவு குறைத்தன. 2024 செப்டம்பரில் 9.0ஆம் பதிப்பு வெளியாயிற்று.

வேலண்ட்: எல்லைக்கோடு நகர்கிறது

எக்ஸ் முறைமையின் தாராளத்துக்கு ஒரு விலை இருந்தது. ஒரே திரையில் இயங்கும் எந்த வாங்கியும் பிற வாங்கிகளின் சாளரங்களைக் காணவும், அவற்றில் தட்டச்சு செய்யப்படும் விசைகளை ஒட்டுக்கேட்கவும் முடியும். கடவுச்சொற்களும் வங்கிக் கணக்குகளும் திரைக்கு வந்த காலத்தில் இது ஏற்கத்தக்கதாக இல்லை. 2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் நெறிமுறை, வழங்கியையும் சாளர மேலாளரையும் ஒன்றாக்கி, ஒரு நிரல் மற்றொன்றின் சாளரத்தைப் பார்க்க முடியாதபடி செய்தது. அதன் 1.0 பதிப்பு 2012இல் வந்தது.

வேலண்டில் நிரல் தன் தலைப்பைச் சொல்லலாம். மிகக் குறைந்த அளவையும் மிகக் கூடிய அளவையும் தெரிவிக்கலாம். திரை முழுவதும் விரிக்கும்படி கேட்கலாம். ஆனால் முதன்மைச் சாளரத்தைத் திரையில் இந்த இடத்தில் வை என்று கேட்கும் வழியே அதன் அடிப்படை நெறிமுறையில் இல்லை. தன் சாளரம் திரையில் எங்கே இருக்கிறது என்பதும் நிரலுக்குத் தெரியாது. இதற்கேற்ப, 2020 டிசம்பரில் வெளியான ஜிடிகே 4, சாளரத்தை நகர்த்தும் செயற்கூற்றையே நீக்கிவிட்டது. பல சாளரங்களைக் கொண்ட மென்பொருள்களும், முந்தைய நாள் விட்ட இடத்திலேயே சாளரங்களைத் திறக்க விரும்பும் மென்பொருள்களும் இதனால் இடர்ப்பட்டன. பாதுகாப்புக்காக இவ்வளவு கட்டுப்பாடு தேவையா என்ற விவாதம் நெடுங்காலமாக நடந்துவருகிறது. டிகே நிரல்கள் வேலண்ட் திரைகளில் பெரும்பாலும் எக்ஸ் ஒத்திசைவு அடுக்கின் வழியாகவே இயங்குகின்றன.

மதிப்பீடு

1984க்கும் இன்றைக்கும் இடையில் சாளரத்தைத் திறக்கத் தேவையான வரிகள் பலவற்றிலிருந்து ஓரிரண்டாகக் குறைந்துவிட்டன. அதே வேளையில் நிரலின் அதிகாரமும் படிப்படியாகச் சுருங்கியுள்ளது. முதலில் எண்களைக் கொடுத்து ஆணையிட்ட நிரல், பின் குறிப்புகளை எழுதிவைத்துக் காத்திருந்தது. இப்போது சிலவற்றைக் கேட்கவும் முடியாத நிலைக்கு வந்துள்ளது. இழந்த அதிகாரத்தில் ஒரு பகுதி பயனருக்குப் பாதுகாப்பாகவும் விருப்பத் தேர்வாகவும் கிடைத்துள்ளது. மற்றொரு பகுதி பணிச்சூழலை உருவாக்குபவர்களின் கைக்குப் போயுள்ளது.

டிகே இவ்விரு நிலைகளுக்கும் நடுவில் நிற்கிறது. தனக்குரியதைச் செய்வதற்கு ஒரு கட்டளையும், பிறருக்குரியதைக் கேட்பதற்கு வேறொரு கட்டளையும் என்று அது வகுத்த பிரிவு, பின்வந்த மாற்றங்களைப் புரிந்துகொள்ள நல்ல தொடக்கமாக அமைகிறது. டிகின்டரில் முதல் சாளரத்தைத் திறக்கும் மாணவர், தலைப்பையும் அளவையும் எழுதும் அந்த இரண்டு வரிகளும் பிறரிடம் வைக்கும் வேண்டுகோள்கள் என்பதை அறிந்துகொண்டால், எந்தத் திரையிலும் எவர் கையிலும் முறிந்துபோகாத நிரலை எழுதுவதற்கான அடிப்படையைப் பெற்றுவிடுகிறார்.